மூன்றாவது சாவி

மனிதன் பேசக் கற்ற நாள் முதலே மறைத்துப் பேசவும் கற்றுக்கொண்டான். அரசர்கள் தூதுவரிடம் ஓலை கொடுத்தனுப்பியபோது அதற்கு முத்திரையிட்டனர். மாட்டுச் சந்தையில் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போர்த்தி, விரல்களைத் தொட்டே விலை பேசி முடித்தனர். பலரும் பார்க்கலாம் என்னும் செய்தியை நாம் அஞ்சலட்டையில் எழுதினோம். வேண்டியவர் மட்டுமே படிக்க வேண்டும் என்பதை உறையிலிட்டு ஒட்டி அனுப்பினோம். அட்டை வாங்கியவர் யோக்கியர், உறை வாங்கியவர் குற்றவாளி என்று எந்த அஞ்சலகமும் கருதியதில்லை.

இன்று கடிதத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. அதன் வழியே நாம் அனுப்பும் செய்தி அஞ்சலட்டையா, ஒட்டிய உறையா? உறைதான் என்றால், அதைப் பிரித்துப் பார்க்கும் வழி ஒன்று அரசாங்கத்தின் கையில் எப்போதும் இருக்க வேண்டுமா? அனுப்புபவரிடம் ஒரு சாவி, பெறுபவரிடம் ஒரு சாவி என்பது போக, மூன்றாவதாக ஒரு சாவி செய்து காவல்துறைக்காக எடுத்துவைக்க வேண்டுமா? ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அறிஞர்களும் ஆட்சியாளர்களும் இவ்வினாவைக் குறித்து வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தின் அடியில் இருக்கும் கணிதத்தையும், அதன்மேல் எழுந்த அரசியலையும் இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய பூட்டும் அதன் குறையும்

ஒரு செய்தியைப் பிறர் அறியாவண்ணம் உருமாற்றி எழுதுவதைக் குறியாக்கம் என்கிறோம். என்கிரிப்ஷன் என்று இன்று வழங்குவது இதனையே. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக மூன்று எழுத்துத் தள்ளியுள்ள எழுத்தை எழுதியனுப்பினார் என்பர். நம் மெய்யெழுத்து வரிசையில் 'க' வரவேண்டிய இடத்தில் 'ஞ' எழுதுவது போன்றது அது. இங்கே 'மூன்று' என்பதே சாவி. அதை அறிந்தவன் பூட்டைத் திறப்பான்.

1883-ஆம் ஆண்டில் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் இத்துறைக்கு ஒரு நல்ல விதியை வகுத்தார். பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுவதும் தெரிந்துவிட்டாலும், சாவி மட்டும் தெரியாதவரை அது திறக்கக்கூடாது என்பதே அவ்விதி. பூட்டுக் கடைக்காரனுக்கு எல்லாப் பூட்டின் அமைப்பும் தெரியும்; அதனால் ஊரார் வீடுகளெல்லாம் அவனுக்குத் திறந்தா கிடக்கின்றன?

ஆயினும் பழைய முறைகள் அனைத்திலும் ஒரு பெருங்குறை இருந்தது. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் சாவி ஒன்றே. எனவே தொலைவிலிருக்கும் நண்பருக்கு மறைசெய்தி அனுப்ப வேண்டுமானால், முதலில் சாவியை அவரிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டும். சாவியை எடுத்துச் செல்லும் ஆள் நடுவழியில் பிடிபட்டால் எல்லாம் கெட்டது. பெரும் படைகளும் தூதரகங்களும் இதற்கென ஆட்களை வைத்துக்கொள்ள முடிந்தது. சாதாரண மனிதனால் முடியுமா?

எண்கள் செய்த விந்தை

இந்தச் சிக்கலுக்கு 1976-இல் விடிவு பிறந்தது. விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், பூட்டும் சாவி வேறு, திறக்கும் சாவி வேறு என்று ஏன் இருக்கக்கூடாது எனக் கேட்டனர். சாவி இல்லாமலே அழுத்திப் பூட்டிவிடக்கூடிய பூட்டை எண்ணிப் பாருங்கள். அத்தகைய பூட்டுகள் ஆயிரம் செய்து, திறந்த நிலையிலேயே ஊரெங்கும் கொடுத்துவிடலாம். எனக்குச் செய்தி அனுப்ப விரும்புவோர் எவரும் அதைப் பெட்டியில் வைத்து அழுத்திப் பூட்டி அனுப்பலாம். திறக்கும் சாவியோ என் இடுப்பை விட்டு அகலுவதே இல்லை!

அடுத்த ஆண்டே, 1977-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவர் இக்கருத்துக்கு எண்களால் உருக்கொடுத்தனர். (பிரிட்டிஷ் அரசின் உளவுத் துறையில் பணியாற்றிய கணித அறிஞர்கள் இதையே சில ஆண்டுகள் முன்னதாகக் கண்டிருந்தனர் என்பதும், அது இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது என்பதும் 1997-இல்தான் வெளியாயின.) மூவர் கண்ட முறையைச் சிறிய எண்களைக் கொண்டு நாமே செய்து பார்க்கலாம்.

3, 11 என்னும் இரு பகா எண்களை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 33. இரண்டிலும் ஒவ்வொன்றைக் கழித்துப் பெருக்கினால் 2 × 10 = 20. இப்போது 3, 7 என்னும் வேறு இரு எண்களைத் தேர்கிறோம். அவற்றின் பெருக்குத்தொகை 21; அதை 20-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதே இத்தேர்வின் காரணம். இவற்றுள் 33, 3 ஆகியவற்றை ஊரறியச் சொல்லிவிடுவோம். இதுவே திறந்த பூட்டு. 7-ஐ நம்மிடமே வைத்துக்கொள்வோம், இதுவே சாவி.

நண்பர் நமக்கு 4 என்னும் எண்ணை இரகசியமாக அனுப்ப விரும்புகிறார். அவர் 4-ஐ மும்முறை பெருக்குகிறார்: 64. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31-ஐ வெளிப்படையாகவே அனுப்பிவிடுகிறார். நாம் 31-ஐ ஏழு முறை பெருக்கினால் 27,51,26,14,111 கிடைக்கும். அதை 33-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 4! நண்பர் அனுப்பிய எண் திரும்பி வந்துவிட்டது.

இதை உடைக்க நினைப்பவன் 33 என்பது எந்த இரு பகா எண்களின் பெருக்கம் என்று கண்டாக வேண்டும். அதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் இன்று வழக்கிலுள்ள எண் 33 அன்று; அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டது. அவ்வளவு பெரிய இரு பகா எண்களைப் பெருக்குவது கணிப்பொறிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்கி வந்ததைப் பிரிப்பதோ இன்றுள்ள கணிப்பொறிகள் அனைத்தையும் கூட்டினாலும் ஆகாத காரியம். 1977-இல் இம்மூவர் 129 இலக்க எண் ஒன்றை அறைகூவலாக வெளியிட்டனர். 1994-இல்தான் அது உடைந்தது. அதற்கு உலகெங்குமிருந்து சுமார் 600 தொண்டர்கள் தங்கள் கணிப்பொறிகளைக் கொண்டு எட்டு மாதம் பாடுபட வேண்டியிருந்தது.

நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த பேராசிரியர் ஹார்டி, தாம் பயின்ற எண்கோட்பாடு போருக்கோ வணிகத்துக்கோ பயன்படாத தூய கணிதம் என்று 1940-இல் வெளியிட்ட நூலில் பெருமிதம் கொண்டார். அந்தத் தூய கணிதமே இன்று வங்கிக் கணக்கையும் படைத்தலைவனின் ஆணையையும் காதலர் கடிதத்தையும் ஒருசேரக் காத்து நிற்கிறது. காலத்தின் கோலத்தை என்னென்பது!

ஆயுதப் பட்டியலில் கணிதம்

இத்தகைய பூட்டு சாமானியன் கைக்கு வந்ததும் அரசுகள் விழித்துக்கொண்டன. 1991-இல் ஃபில் சிம்மர்மன் என்னும் அமெரிக்கர், எவரும் தம் கணிப்பொறியில் போட்டுப் பயன்படுத்தக்கூடிய பி.ஜி.பி. என்ற குறியாக்க மென்பொருளை எழுதி இலவசமாக வழங்கினார். விரைவில் அது கடல் கடந்து பரவியது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி வலிமையான குறியாக்கம் பீரங்கி, வெடிமருந்து ஆகியவற்றோடு போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. அனுமதியின்றி ஏற்றுமதி செய்தாரா என்று அவர்மீது குற்றப்புலனாய்வு நடந்தது. 1995-இல் அம்மென்பொருளின் வரிகள் முழுவதும் புத்தகமாகவே அச்சிடப்பட்டன. தளவாடத்தைத் தடுக்கலாம், புத்தகத்தைத் தடுக்க முடியுமா என்பதே அதிலிருந்த கேள்வி. 1996 ஜனவரியில் வழக்கு எதுவும் தொடுக்காமலே அரசு அப்புலனாய்வைக் கைவிட்டது.

கிளிப்பர் சில்லு

தடுக்க முடியாததைத் தன்வயப்படுத்திக்கொள்ளலாம் என்பது அடுத்த முயற்சி. 1993 ஏப்ரல் 16-ஆம் நாள் அமெரிக்க அரசு 'கிளிப்பர்' என்னும் மின்னணுச் சில்லு ஒன்றை அறிவித்தது. தொலைபேசிக் கருவியில் இதைப் பொருத்தினால் பேச்சு முழுவதும் வலிமையான பூட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு சில்லின் சாவியும் இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசு அலுவலகங்களில் ஒவ்வொன்றாக வைக்கப்படும். நீதிமன்ற ஆணை கிடைத்தால் காவல்துறை இரண்டையும் பெற்று, ஒன்றுசேர்த்து, பேச்சைக் கேட்கலாம். ஒருவரையே நம்பாமல் இருவரிடம் பிரித்துக் கொடுத்தது நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. பூட்டின் அமைப்பையே இரகசியம் என்றார்கள். கெர்க்காஃப்ஸ் வகுத்த விதிக்கு இது நேர்மாறு. அமெரிக்க அரசின் சாவி பொருந்திய தொலைபேசியை வெளிநாட்டார் ஏன் வாங்குவர் என்று வணிகர்கள் கேட்டனர். குற்றவாளி மட்டும் கிளிப்பரை விட்டு வேறு பூட்டை வாங்க மாட்டானா என்று பொதுமக்கள் கேட்டனர்.

இவ்வாதங்களுக்கிடையே 1994-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாட் பிளேஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு வேலை செய்தார். வாதிடுவதை விட்டு, கருவியையே சோதித்துப் பார்த்தார். ஒவ்வொரு பேச்சுடனும் காவல்துறைக்கென ஒரு சிறு குறிப்பு சேர்ந்து செல்லும். அது மெய்யானதா என்று மறுமுனைச் சில்லு சரிபார்த்த பிறகே பேச்சைத் திறக்கும். அந்தச் சரிபார்ப்பு எண்ணின் நீளமோ 16 பிட் மட்டுமே. அதாவது 65,536 வாய்ப்புகள். பொய்க் குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்றால், சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று பொருந்திவிடும், பேச்சு நடக்கும், காவல்துறைக்குக் கிடைப்பதோ வெறும் குப்பை! இரண்டே ஆண்டுகளில் கிளிப்பர் திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

1997-இல் குறியாக்க அறிஞர் பதினொருவர் கூடி வெளியிட்ட அறிக்கை இவ்விவாதத்தில் ஒரு மைல்கல். சாவியைப் பத்திரப்படுத்தும் ஏற்பாடு பெரிதாகும்தோறும் அது திருட்டுக்கும் தவறுக்கும் உரிய இலக்காகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 2015-இல் அவர்களுள் பெரும்பாலோர் பிறரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஆராய்ந்து, அபாயம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்றே எழுதினர்.

ஏதென்ஸ் தரும் பாடம்

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்பவருக்குக் கிரேக்க நாடு விடை தரும். அங்கே வோடஃபோன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான வசதி மென்பொருளோடு உடன்வந்தது. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் விளையாட்டை ஒட்டி, யாரோ அதற்குள் நுழைந்து அந்த வசதியை ஓசையின்றி இயக்கிவிட்டனர். பிரதமர் கராமன்லிஸ் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சுகள் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டன. 2005 மார்ச்சில் இது கண்டறியப்பட்டது. 2006 பிப்ரவரியில் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. திருடன் புதிதாகச் சுவரில் கன்னம் வைக்கவில்லை. காவலர் வருவதற்கென்று கட்டிய வாசல் வழியாகவே வந்தான்!

அண்மையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் யாவும் சட்டபூர்வமாக ஒட்டுக்கேட்க வழிசெய்து தர வேண்டும் என்று 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. சீன அரசுடன் தொடர்புடையவர் என அமெரிக்கா குற்றஞ்சாட்டும் ஊடுருவலாளர்கள் அந்நிறுவனங்களுக்குள் புகுந்து, காவல்துறை கேட்டுப் பெறும் தகவல்களையும் நகலெடுத்தனர் என்பது 2024-இல் வெளிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசின் இணையப் பாதுகாப்பு முகமை, குறிவைக்கப்படும் உயர்நிலையினருக்கு வழங்கிய அறிவுரை என்ன தெரியுமா? முனைக்கு முனை குறியாக்கம் உள்ள செயலிகளையே பயன்படுத்துங்கள் என்பதுதான்.

நம் நாட்டில்

நம் நாட்டில் தந்தி, தொலைபேசிச் செய்திகளை இடைமறிக்கும் அதிகாரம் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அரசுக்கு இருந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தொலைபேசி ஒட்டுக்கேட்டல் தனிமனித அந்தரங்கத்தைப் பாதிப்பது எனக் கூறி, உள்துறைச் செயலரின் ஆணை, மறுஆய்வுக் குழு, கால வரம்பு எனக் கட்டுப்பாடுகளை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, குறியாக்கம் செய்த செய்தியைத் திறந்து காட்ட உதவுமாறு ஆணையிடவும், மறுப்போருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கவும் இடமளிக்கிறது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை எல்லையற்றது என்று நீதிமன்றம் கூறவில்லை. அதில் தலையிடுவதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தலையீடு தேவையின் அளவை மீறாதிருக்க வேண்டும் என்றது.

இதற்கிடையே, 2016 ஏப்ரலில் வாட்ஸாப் தன் பயனாளர் அனைவருக்கும் முனைக்கு முனை குறியாக்கத்தை நிறைவேற்றியது. அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி, நடுவிலிருக்கும் நிறுவனமும் செய்தியைப் படிக்க முடியாது. 2018-இல் குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வதந்திகள் கைப்பேசி வழியே பரவின. நாட்டின் பல பகுதிகளில் ஒரு பாவமும் அறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் அவ்வாறே உயிரிழந்தார். வதந்தியை முதலில் கிளப்பியவன் யார் என்று கண்டறிய முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

அந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று 2018-இல் தொடுக்கப்பட்ட மனுக்களின் விசாரணை, செய்தியைத் தொடங்கியவரைக் கண்டறிவது பற்றிய விவாதமாக விரிந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி, செய்தியுடன் அதைத் தொடங்கியவர் பற்றிய குறிப்பையும் சேர்த்தனுப்பலாம் என்று 2019-இல் வழி கூறினார். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை ஏற்காமல் மறுப்புரை அளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் கொண்ட செய்திச் சேவைகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்றன. அதை எதிர்த்து அவ்வாண்டு மே மாதம் வாட்ஸாப் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

இதிலுள்ள இடர்ப்பாட்டைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். நாளைக்கு எந்தச் செய்தி குற்றமாகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு செய்தியின் மூலத்தைக் காட்ட வேண்டுமானால், எல்லாச் செய்திகளுக்கும் முன்கூட்டியே அடையாளம் இட்டாக வேண்டும். ஒருவனைப் பிடிப்பதற்காகக் கோடிக்கணக்கானோரின் கடிதங்களில் முத்திரை குத்துவதாகும் இது. மேலும், ஒரு செய்தியைப் பார்த்து மற்றொருவர் புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பினால், சங்கிலி அங்கேயே அறுந்து, அவரே முதல்வர் ஆகிவிடுவார்.

அரசின் பக்கத்து நியாயம்

அரசின் கவலையை எள்ளி நகையாடுவது அறிவுடைமை ஆகாது. நாட்டைக் காக்கும் கடமை உடையவருக்கு ஒற்றறிதலும் ஒரு கடமையே. வள்ளுவரும் பொருட்பாலில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். குழந்தைகளைக் கெடுப்போரும் குண்டு வைப்போரும் அதே பூட்டைத்தான் பயன்படுத்துகின்றனர். பூட்டு உறுதியானால் சில குற்றவாளிகள் தப்புவர் என்பதை அந்தரங்கத்தின் பக்கம் நிற்போர் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பூட்டைக் கெடுப்பது ஒன்றே வழியா? 2015 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் 14 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளியின் ஐபோனைத் திறக்கத் தனி மென்பொருள் செய்து தருமாறு 2016 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு பேசிக்குச் செய்தால் எல்லாப் பேசிக்கும் செய்ததாகும் என்று ஆப்பிள் மறுத்தது. அடுத்த மாதமே புலனாய்வுத் துறை வேறொருவரின் உதவியால் அந்தப் பேசியைத் திறந்து, வழக்கைத் திரும்பப் பெற்றது. யார் யாருடன் எப்போது பேசினார் என்னும் பதிவு, பெற்றவரின் கைப்பேசியில் இருக்கும் செய்தி, நேரில் கண்ட சாட்சி ஆகியவையும் இன்னும் காவல்துறைக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. வதந்தியின் வேகத்தைக் குறைக்கப் பூட்டைத் தொட வேண்டியதே இல்லை. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸாப் வரம்பிட்டது அத்தகைய வழிதான்.

நாம் செய்ய வேண்டுவது

ஒரு வீட்டைச் சோதனையிட நீதிமன்றம் ஆணையிடலாம், அது முறை. ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரு சாவியைச் செய்து ஓர் அலுவலகத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பது முற்றிலும் வேறு. அந்த ஆணியில் தொங்கும் சாவியை இன்றைய நல்ல அதிகாரி மட்டுமே எடுப்பார் என்பதற்கு எந்தக் கணிதமும் உறுதி தராது. பூட்டுக்கு எடுப்பவன் யார் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சாவி பொருந்துகிறதா இல்லையா என்பதே.

இவ்விவாதம் முடிந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசின் நெருக்குதலை ஒட்டி, ஆப்பிள் தன் சேமிப்புச் சேவையின் மிக வலிமையான பூட்டை அந்நாட்டுப் பயனாளருக்கு அளிப்பதை நிறுத்திக்கொண்டது. நாளை நம் நாட்டிலும் புதிய சட்டங்களும் விதிகளும் வரும். வரும்போது ஒவ்வொரு மாணவரும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் இது தொடுகிறதா, எல்லோரையும் தொடுகிறதா? இந்தச் சாவி களவு போனால் இழப்பு யாருக்கு? இதே பயனைத் தரும் சிறிய வழி வேறு உண்டா?

இக்கேள்விகளுக்கு விடை காணக் கணிதம் மட்டும் போதாது. அரசியல் அறிவு மட்டும் இருந்தாலும் போதாது. நம் கல்லூரியில் இவ்விரு துறைகளின் வகுப்பறைகளுக்கும் இடையே சில அடி தூரமே உண்டு. கணிதம் பயில்வோர் சட்டத்தைப் படிக்கவும், அரசியல் பயில்வோர் 31-ஐ ஏழு முறை பெருக்கிப் பார்க்கவும் முன்வந்தால், நம் கடிதத்தின் உறையைக் காக்கும் ஆற்றல் நம்மிடமே இருக்கும்.